கடைசிப் பெயர் எஞ்சின் அறையிலிருந்து வந்தது: லிபர்ட்டி கப்பல்கள் கட்டப்பட்டதும் பெயர் பெற்றதும்

1940 செப்டம்பரில் பிரிட்டனிலிருந்து ஒரு சிறு குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதன் தலைவர் சிரில் தாம்ப்சன், சண்டர்லாந்து நகரில் தலைமுறைகளாகக் கப்பல் கட்டிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கொண்டுபோனது ஆடம்பரம் எதுவுமில்லாத ஒரு சரக்குக் கப்பலின் வரைபடம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்த வேகத்துக்குப் பிரிட்டனின் தளங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் 60 கப்பல்களைக் கட்டித்தர அமெரிக்காவில் ஆள் தேடவேண்டியிருந்தது. அங்கே பழம்பெரும் கப்பல் நிறுவனங்களுக்குக் கடற்படையின் வேலையே தலைக்கு மேல் கிடந்தது. கடைசியில் டாட் நிறுவனமும் அதனோடு கூட்டுச் சேர்ந்த ஹென்றி கைசரும் முன்வந்தனர். கைசர் சாலை போட்டவர், ஹூவர் அணையைக் கட்டிய கூட்டமைப்பில் இருந்தவர். கப்பல் கட்டிய அனுபவம் அவருக்கு இல்லை. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் சேற்று நிலத்தை நிரப்பி ஒரு தளமும், மெய்ன் மாநிலத்தின் சவுத் போர்ட்லாந்தில் இன்னொரு தளமும் எழும்பின. ஆளுக்கு 30 கப்பல் என்று பேச்சு. ஊர் திரும்பும் வழியில் தாம்ப்சன் பயணம் செய்த வெஸ்டர்ன் பிரின்ஸ் கப்பலையே 1940 டிசம்பர் 14 அன்று ஒரு நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அவர் உயிர்காப்புப் படகில் தப்பினார்.

அந்தச் சண்டர்லாந்து வரைபடத்திலிருந்துதான் அமெரிக்காவின் லிபர்ட்டி கப்பல்கள் பிறந்தன. 1941 தொடக்கத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் 200 அவசரகாலச் சரக்குக் கப்பல்களைக் கட்டும் திட்டத்தை அறிவித்தார். திட்டத்தை நடத்தியது அட்மிரல் எமரி லேண்ட் தலைமையிலான கடல்வணிக ஆணையம். கிப்ஸ் அண்டு காக்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் பிரிட்டிஷ் வரைபடத்தை அமெரிக்கத் தளங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொடுத்தது. நிலக்கரி போய் எண்ணெய் எரிக்கும் கொதிகலன் வந்தது. முன்னும் பின்னுமாகப் பிரிந்திருந்த தங்குமிடங்கள் நடுவே ஒரே கட்டடமாயின. தகடுகளில் வளைவுகள் குறைந்தன, ரிவெட் அடித்த இடங்களில் வெல்டிங் புகுந்தது. வந்து சேர்ந்த உரு 441 அடி நீளம், 57 அடி அகலம். ஐந்து சரக்கறைகளில் பத்தாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றலாம். வேகம் மணிக்கு 11 கடல்மைல். அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. கப்பல் பிரியரான ரூஸ்வெல்ட்டே அதைப் பார்க்கச் சகிக்காத வடிவம் என்றார். பத்திரிகைகள் அதற்கு ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ என்று பட்டப்பெயர் வைத்தன.

எஞ்சின் விஷயத்தில் திட்டமிட்டவர்கள் வேண்டுமென்றே பின்னால் போனார்கள். நவீன நீராவி டர்பைனுக்குத் தேவையான நுட்பமான பற்சக்கரங்களை வெட்டும் ஆலைகள் நாட்டில் கொஞ்சம்தான், அவற்றையும் கடற்படை எடுத்துக்கொண்டுவிட்டது. எனவே 19ஆம் நூற்றாண்டுக்குரிய மும்முறை விரிவு நீராவி எஞ்சினைத் தேர்ந்தார்கள். 2,500 குதிரைசக்தி, ஏறக்குறைய 140 டன் எடை. சாதாரண வார்ப்பாலையும் கடைசல் பட்டறையும் உள்ள எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்துவிட முடியும். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் சுரங்க இயந்திரங்கள் செய்துவந்த ஜோஷுவா ஹெண்டி இரும்பாலை மட்டும் 754 எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. தயங்காமல் எடுத்த இந்தப் பழமையான முடிவுதான் திட்டத்திலேயே புத்திசாலித்தனமானது என்பேன்.

ஆனால் கப்பல் மட்டும் போதாது, அதற்கு ஒரு பெயரும் வேண்டும். அழகற்ற, அவசரத்துக்குச் செய்த, ஐந்தாண்டு தாங்கினால் போதும் என்று கணக்கிட்ட ஒரு பண்டத்தை மக்கள் மதிக்கவேண்டும். அதைக் கட்டுகிறவர்கள் இரவுமுறை வேலைக்கும் வரவேண்டும். 1941 செப்டம்பர் 27 அன்று பால்டிமோர் நகரின் பெத்லகேம்-ஃபேர்ஃபீல்டு தளத்தில் முதல் கப்பல் நீரில் இறங்கியது. அதன் பெயர் பேட்ரிக் ஹென்றி. 1775இல் விடுதலையைக் கொடுங்கள், இல்லையேல் சாவைக் கொடுங்கள் என்று முழங்கிய வர்ஜீனியாவின் பேச்சாளர் அவர். அன்று நாடெங்கும் 14 கப்பல்கள் இறக்கப்பட்டன. அந்த நாளுக்கே ‘லிபர்ட்டி கப்பற்படை நாள்’ என்று பெயர் வைத்தார்கள். ரூஸ்வெல்ட் தன் உரையில் ஹென்றியின் முழக்கத்தை நினைவூட்டி, இந்தக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு விடுதலையைக் கொண்டுபோகும் என்ற கருத்தைச் சொன்னார். வாத்துக்குஞ்சு அன்றோடு லிபர்ட்டி கப்பல் ஆனது. தேதியைக் கவனியுங்கள். பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன, அமெரிக்கா சட்டப்படி இன்னும் போரில் இறங்கவில்லை. தயங்கி நின்ற ஒரு நாட்டைப் போரின் பக்கம் நகர்த்தும் வேலையில் அந்தப் பெயருக்கும் பங்கு இருந்தது.

முதல் உலகப்போரின் அனுபவம் இதற்கு நேர்மாறு. அப்போது பிலடெல்பியாவுக்கு அருகே ஹாக் தீவில் உலகின் மிகப்பெரிய தளம் எழுந்தது. அதன் முதல் கப்பலான குவிஸ்ட்காங்க் 1918 ஆகஸ்ட் 5 அன்று இறங்கியது. புட்டியை உடைத்தவர் அதிபரின் மனைவி எடித் வில்சன். கப்பல்களுக்குப் பூர்வகுடிச் சொற்களைப் பெயராகத் தேர்ந்தவரும் அவரே. சொல்லுக்கு ஓசை இருந்தது, கப்பலுக்குத்தான் காலம் தப்பிவிட்டது. அங்கே கட்டிய 122 கப்பல்களில் ஒன்றுகூட அந்தப் போர் முடியும் முன் சேவைக்கு வரவில்லை. அந்த அவமானம் 1941இல் இருந்த அதிகாரிகளுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

காலம் தப்பாமலிருக்க என்ன செய்தார்கள்? பழைய முறையில் சரிவுமேடையில் ஏராவை வைத்து, விலா எலும்புகளை நிறுத்தி, தகட்டைத் தகட்டோடு ரிவெட் அடித்து ஏற்றிக்கொண்டே போவார்கள். எல்லா வேலையும் மேடையிலேயே நடக்கும். அந்தக் கப்பல் இறங்கும்வரை மேடை அடைபட்டுக் கிடக்கும். கைசரின் ஆட்கள் மேடையை வேலை நடக்கும் இடமாகப் பார்க்கவில்லை, கோத்துச் சேர்க்கும் இடமாக மட்டுமே பார்த்தார்கள். கப்பலின் அடிப்பகுதி, தடுப்புச் சுவர்கள், மேல்கட்டடம் என்று துண்டு துண்டாக வேறு கூடங்களில் செய்துமுடித்து, ராட்சதக் கிரேன்களால் தூக்கிவந்து பொருத்தினார்கள். மேல்கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கட்டியது எனக்குப் பிடித்த உத்தி. தலைக்கு மேலே கையை நீட்டி வெல்டிங் செய்வது கடினம், அதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும். குனிந்து கீழ்நோக்கிச் செய்வதைச் சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுத்துவிடலாம். வேலையைத் திருப்பிப் போட்டால் நேற்றுவரை கடையில் துணி விற்ற பெண்ணும், பருத்திக் காட்டை விட்டு ரயிலேறி வந்த விவசாயியும் அதைச் செய்யலாம். அப்படித்தான் நடந்தது. 1940இல் ஏறக்குறைய 23,000 பேர் வாழ்ந்த ரிச்மண்டில் போர்க்காலத்தில் மக்கள்தொகை நான்கு மடங்குக்கு மேல் பெருகியது. வீடு கிடைக்காதவர்கள் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கினார்கள்.

ரிவெட் முறையில் நான்கைந்து பேர் கொண்ட குழு வேண்டும். இரும்பாணியைச் சூடேற்ற ஒருவர், பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர் என்று. வெல்டிங்கில் ஒருவர் போதும். தகட்டின் மேல் தகடு ஏறவேண்டியதில்லை என்பதால் இரும்பும் மிச்சமானது. தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு 230 நாளுக்கு மேல் பிடித்தது, 1943இல் சராசரி 42 நாளுக்கு இறங்கியது. திட்டம் முடிவதற்குள் 18 தளங்கள் 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டிக்கொடுத்தன.

எல்லோரும் பேசுவது ராபர்ட் இ. பியரி கப்பலைப் பற்றித்தான். 1942 செப்டம்பரில் கைசரின் ஆரிகன் தளம் ஜோசப் என். டீல் கப்பலைப் பத்து நாளில் இறக்கியது, விழாவுக்கு ரூஸ்வெல்ட்டே வந்திருந்தார். அதே முதலாளியின் ரிச்மண்ட் இரண்டாம் தளத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நவம்பர் 8 நள்ளிரவு கழிந்ததும் ஏரா வைத்தார்கள், 12ஆம் தேதி பிற்பகல் கப்பல் நீரில் மிதந்தது. நான்கு நாள், 15 மணிநேரம், அரைமணிக்கு ஒரு நிமிடம் குறைவு. 250 டன் எடைவரை பெரிய துண்டங்களை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருந்ததால் இது முடிந்தது. ஆகவே இதைக் கட்டிய காலம் என்பதைவிடக் கோத்த காலம் என்பதே சரி. இதை விளம்பர வித்தை என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள், அதில் உண்மையும் உண்டு. அந்தச் சாதனையை யாரும் மறுபடி முயலவில்லை. போரை நடத்தியது சராசரியான அந்த 42 நாள்தான்.

அந்தக் கப்பலின் பெயரிலும் ஒரு சேதி இருக்கிறது. பியரி 1909இல் வடதுருவத்தை எட்டியதாக உரிமை கோரியவர். அந்தப் பயணத்தில் கூடவே நடந்த கறுப்பினத் தோழர் மேத்யூ ஹென்சன் 1942இல் நியூயார்க்கில் உயிரோடு இருந்தார். லிபர்ட்டி கப்பலுக்கு இறந்தவர் பெயரை மட்டுமே வைக்கலாம் என்பது விதி. ஹென்சன் 1955 வரை வாழ்ந்ததால் அந்தப் பட்டியலுக்குள் வர வழியே இருக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அமெரிக்கக் கடற்படையின் கடலாய்வுக் கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லாந்தில் அமைதியான நீரில் கட்டி நின்ற ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல், வெடிபோல ஓர் ஓசையோடு இரண்டாகப் பிளந்தது. அதுவும் வெல்டிங்கால் கட்டியது, கைசரின் தளத்தில் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜான் பி. கெயின்ஸ் என்ற லிபர்ட்டி கப்பல் அலாஸ்கா கடலில் உடைந்து பத்து உயிர்கள் போயின. பழியைத் தூக்கி, அவசரப் பயிற்சி பெற்ற வெல்டர்கள் மேல் போடுவது எளிதாக இருந்தது. கேம்பிரிட்ஜின் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் வேறு இடத்தில் காரணத்தைக் கண்டார். அப்போது பயன்பட்ட எஃகு, குளிர் ஓரளவுக்குக் கீழே இறங்கினால் வளையும் தன்மையை இழந்து கண்ணாடிபோல நொறுங்கும். வட அட்லாண்டிக்கின் தண்ணீர் அந்த அளவைத் தொட்டுவிடும். சரக்கறை வாய்களின் மூலைகள் சதுரமாக வெட்டப்பட்டிருந்ததால் விரிசல் அங்கே தொடங்கும். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே உலோகம் என்பதால் அது நிற்காமல் ஓடும். மூலைகளை வளைத்தும் முக்கிய இடங்களில் ரிவெட் பட்டைகளைச் சேர்த்தும் ஆபத்தைக் குறைத்தார்கள். உலோகம் முறியும் விதம் பற்றிய இன்றைய அறிவியலுக்கு இந்தக் கப்பல்கள் கொடுத்த உந்துதல் பெரிது.

பெயர்களுக்கு வருவோம். தளத்துக்குள் ஒவ்வொரு கப்பலும் ஓர் எண்தான். பெயரை முடிவுசெய்தது ஆணையம். முதலில் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள், பிறகு விடுதலைப்போர்த் தளபதிகள், அடுத்து ஆளுநர்கள், கண்டுபிடிப்பாளர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் என்று பட்டியல் வளர்ந்தது. சுன் யாட் சென், சிமோன் பொலிவார் போன்ற அயலார் சிலரும் இடம்பெற்றார்கள். 2,710 பெயர்களுக்கு ஒரு நாட்டின் வரலாற்றுப் பாடநூலே போதவில்லை. அப்போது அரசு பெயரையே பரிசாக்கியது. போர்க் கடன்பத்திரமாக 20 லட்சம் டாலர் திரட்டும் எந்தக் குழுவும் ஒரு பெயரை முன்மொழியலாம் என்றது. ஒரு கப்பலின் விலையும் ஏறக்குறைய அதுவே. பழைய இரும்பு திரட்டுவதில் முந்திய பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை கிடைத்தது. பெயர் சூட்ட அரசுக்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் அதைக் காட்டிப் பணமும் இரும்பும் உழைப்பும் திரண்டன. வெல்டிங் கருவியைப் போலவே பெயரும் ஓர் உற்பத்திக் கருவி என்று நான் சொல்வது இதனால்தான்.

யாருக்குப் பெயர் கிடைத்தது என்று பார்த்தால் அன்றைய அமெரிக்கா தெரியும். பெண்களின் பெயர் கொண்டவை நூற்றைச் சற்றுத் தாண்டும். நெஸ் பெர்சே மக்களின் தலைவர் சீஃப் ஜோசப்பின் பெயரிலும் ஒரு கப்பல் ஓடியது. 1877இல் அவரையும் அவர் மக்களையும் நூற்றுக்கணக்கான மைல் துரத்திப் பிடித்தது அதே அமெரிக்க அரசின் ராணுவம். கறுப்பின ஆளுமைகளின் பெயர் பெற்றவை மொத்தம் 18 மட்டுமே. அவற்றில் முதலாவது, 1942 செப்டம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் இறங்கிய புக்கர் டி. வாஷிங்டன். பாடகி மரியன் ஆண்டர்சன் புட்டியை உடைத்தார். தலைமை மாலுமியானவர் கரீபியத் தீவில் பிறந்த ஹியூ மல்சாக். மாஸ்டர் சான்றிதழ் கையில் இருந்தும் இருபதாண்டுக்கு மேல் பெரும்பாலும் சமையலறை வேலையே கிடைத்தவர் அவர். கறுப்பர் மட்டுமே கொண்ட கப்பல் என்றால் வேண்டாம், எல்லா இனத்தவரும் கலந்த குழு என்றால் வருகிறேன் என்று நின்று, அதைச் சாதித்தார். அதே கலிஃபோர்னியாவில் கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தாரைத் தனித் துணைச் சங்கங்களில் ஒதுக்கி வைத்திருந்தது. சந்தா உண்டு, வாக்கு இல்லை. சாசலிட்டோவின் மரின்ஷிப் தளத்தில் வேலைபார்த்த ஜோசப் ஜேம்ஸ் வழக்குத் தொடுத்த பிறகே 1944இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது. கப்பலின் முகப்பில் ஒரு கறுப்பினத்தவரின் பெயரை எழுதுவதற்கு இந்த அளவு எதிர்ப்பு இருக்கவில்லை.

போர் நீள நீளப் பட்டியலின் இயல்பு மாறியது. ரிச்மண்டில் கட்டிய ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ், சாசனத்தில் கையெழுத்திட்ட ஒருவரின் பெயர் கொண்டது. 1942 செப்டம்பர் 27 அன்று, முதல் லிபர்ட்டி இறங்கிச் சரியாக ஓராண்டில், அது தென் அட்லாண்டிக்கில் ஷ்டியர் என்ற ஜெர்மன் ஆயுதக் கப்பலிடம் சிக்கியது. சரணடையாமல் தன் ஒற்றைப் பெரிய பீரங்கியால் சுட்டு, தானும் மூழ்கி எதிரியையும் மூழ்கடித்தது. உயிர் பிழைத்த 15 பேர் ஒரு படகில் 31 நாள் மிதந்து பிரேசில் கரை சேர்ந்தனர். கேப்டன் பால் பக் பெயரிலும், கடைசிக் குண்டுகளைச் சுட்டுவிட்டு மாண்ட பயிற்சி மாணவர் எட்வின் ஜோசப் ஓஹாரா பெயரிலும் புதிய லிபர்ட்டி கப்பல்கள் வந்தன. இப்படிப் போரில் இறந்த வணிகக் கடலோடிகளின் பெயர் பெற்றவை நூற்றுக்கும் மேல். சமையல்காரர், தீத்தொழிலாளி, வயர்லெஸ் இயக்குபவர் என்று பாடநூலில் ஒருநாளும் வராதவர்கள் பேட்ரிக் ஹென்றியோடு ஒரே வரிசையில் நின்றார்கள்.

இறந்தவர் பெயரைத்தான் வைக்கலாம் என்ற விதி ஒருமுறை பொய்த்தது, அந்தக் கதை நம் கடலில் நடந்தது. ஜீன் நிக்கோலே என்ற லிபர்ட்டி கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் சரக்கேற்றி வந்துகொண்டிருந்தது. 1944 ஜூலை 2 அன்று இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஐ-8 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அதைத் தாக்கியது. கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். படகுகளில் இறங்கியவர்களை நீர்மூழ்கியின் மேல்தளத்துக்கு ஏற்றி, கைகளைக் கட்டி, பலரைக் கொன்றனர். மீதிப்பேர் கட்டுண்டபடி மேலே இருக்கையில் நீர்மூழ்கி தண்ணீருக்குள் அமிழ்ந்தது. கட்டவிழ்த்தும் ஒருவரையொருவர் தாங்கியும் மிதந்த இருபத்துச் சொச்சம் பேரை, இரண்டு நாளில் ராயல் இந்தியக் கடற்படையின் ஹாக்ஸா கப்பல் மீட்டது. பயணியாக வந்திருந்த அமெரிக்கக் கப்பல் போக்குவரத்து நிர்வாக அதிகாரி பிரான்சிஸ் ஓகாரா அவர்களில் இல்லை. அவர் இறந்ததாகவே எடுத்துக்கொண்டு, ஃபுளோரிடாவில் கட்டிய ஒரு கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். போர் முடிந்து ஜப்பானிய முகாம்கள் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு வெளியே வந்தார். உயிரோடு இருக்கையில் லிபர்ட்டி கப்பலுக்குப் பெயர் தந்தவர் அவர் ஒருவரே.

பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்த சுமார் 200 லிபர்ட்டிகளுக்கு இந்த நினைவுச் சுமை எதுவும் இல்லை. அவை சாம்ஹோல்ட் என்பதுபோல ‘சாம்’ என்று தொடங்கும் பெயர்களைத் தாங்கின. அமெரிக்காவைக் குறிக்கும் அங்கிள் சாம்தான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதே சண்டர்லாந்து வழியில் கனடா கட்டிய உறவுக் கப்பல்களுக்குப் பழைய வணிகக் கோட்டைகளின் பெயர்கள். அவற்றுள் ஒன்றான ஃபோர்ட் ஸ்டிகைன் 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் சேர்ந்து தீப்பிடித்து வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். யாரோ வைத்த தொலைதூரக் கோட்டையின் பெயர் இந்திய நகரம் ஒன்றின் துயரப் பெயராக நிலைத்துவிட்டது.

ஐந்தாண்டு தாங்கும் என்று எண்ணிய கப்பல்கள் பல இருபதாண்டுக்கு மேலும் ஓடின. 1947இல் 100 லிபர்ட்டிகளை வாங்கிய கிரேக்கக் கப்பல் முதலாளிகள் அவற்றை வைத்தே தங்கள் வணிகத்தை மறுபடி எழுப்பினார்கள். பேட்ரிக் ஹென்றி 1958இல் தான் பிறந்த பால்டிமோரிலேயே உடைக்கப்பட்டது, அவசரச் சாதனையான பியரி 1963இல். ஜெரமையா ஓ’பிரையன் சான்பிரான்சிஸ்கோவிலும் ஜான் டபிள்யூ. பிரவுன் பால்டிமோரிலும் அருங்காட்சியகங்களாக மிதக்கின்றன. நார்மண்டிப் படையெடுப்பில் பங்கேற்ற ஓ’பிரையன் 1994இல் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்காகத் தன் எஞ்சினிலேயே அங்கே போய்வந்தது.

வரிசையின் கடைசிக் கப்பல் 1945 செப்டம்பர் 26 அன்று சவுத் போர்ட்லாந்தில் இறங்கியது, முதல் கப்பல் இறங்கி நான்காண்டுக்கு ஒரு நாள் குறைவு. அதற்குப் பெயர் கொடுத்தவர் பேச்சாளரல்ல. அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல் ஒன்றின் தலைமைப் பொறியாளர் ஆல்பர்ட் எம். போ. 1945 ஏப்ரல் 13 அன்று நடந்த வெடிவிபத்தில் மற்றவர்கள் தப்ப, எஞ்சின்களை நிறுத்துவதற்காகக் கீழேயே நின்று உயிர்விட்டவர். அவர் பெயரைத் தாங்கிய கப்பல் பிற்பாடு விற்கப்பட்டு, 1964 நிலநடுக்கத்தால் சிதைந்த அலாஸ்காவின் கோடியாக் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் கரையோடு நிலையாகப் பதித்து மீன் பதப்படுத்தும் ஆலை ஆக்கினார்கள். இப்போது அதன் பெயர் ஸ்டார் ஆஃப் கோடியாக்.